தலைத் திவசத்தன்று கையெழுத்துப் போடலாமா?

மதுரை கீழமாசி வீதியில் வத்தல், மல்லி மொத்தக் கடை நடத்தி வந்த ஒருவரின் மகள் எழுதியிருக்கிறார். வயது 25. திருமணமாகித் திருமங்கலத்தில் இருக்கிறார். யாரென்று தெரிந்துவிடாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

அப்பாவுக்கு 47 வயது. பதினொரு மாதத்துக்கு முன்பு, விடியற்காலையில் லாரியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருந்தபோது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடைப்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. “எந்த மூட்டை வந்தாலும் அடிவரை கையை விட்டு நாலு வத்தலை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்ப்பார். விதை சலசலத்தால்தான் காய்ந்த சரக்கு என்பார். சின்ன வயதில் என் காதிலும் வைத்து ஆட்டுவார். இப்போது வீட்டுச் சமையலுக்கு வத்தல் எடுத்தால்கூட என் கை தானாகக் காதுக்குப் போகிறது” என்று எழுதியிருக்கிறார். பத்தொன்பது வருடம் அப்பாவும் சித்தப்பாவும் சரிபாதிக் கூட்டாக நடத்திய கடை. ஒவ்வொரு வருடமும் மார்ச் 31 கணக்கு முடிந்ததும், அப்பா தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேரேட்டைப் பக்கம் பக்கமாகக் காட்டி, கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வாங்குவாராம். சித்தப்பா “எதுக்குண்ணே இதெல்லாம்?” என்றால், “படிச்சுட்டுப் போடு” என்பாராம்.

இப்போது கடையைச் சித்தப்பா ஒருவரே நடத்துகிறார். மாதம் ஒரு தொகை வீட்டுக்குக் கொடுக்கிறார். அடுத்த மாதம் தலைத் திவசம். அன்று உறவெல்லாம் கூடியிருக்கும்போது, அம்மா, மகள், பதினாறு வயதுத் தம்பி மூவர் பெயரிலும் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, முப்பது லட்ச ரூபாய் தருவதாகச் சொல்கிறார். கடைக்கு அண்ணன் பெயரையே வைத்துவிடுவதாகவும் சொல்லியிருக்கிறார். “கல்யாணமான பெண்ணுக்குச் சட்டப்படி பாத்தியதை இல்லை, இருந்தாலும் அண்ணன் மகள் என்று சேர்த்திருக்கிறேன்” என்றும் சொன்னாராம். சிந்தாமணிப் பக்கம் உள்ள குடோன் அப்பா பெயரில் இருக்கிறது. அதுவும் கடைக் காசில் வாங்கியதுதான் என்கிறார். இதற்கிடையே, அப்பா தன் கணக்கிலிருந்து காசோலை கொடுத்திருந்த வெளியூர் வியாபாரி ஒருவர், அம்மா மேல் செக் கேஸ் போடுவேன் என்று போனில் மிரட்டுகிறார். அம்மாவோ, “கணக்குக் கேட்டு அப்பா பேரைக் கெடுத்துடாதே” என்று அழுகிறார். கடிதத்தின் கடைசி வரி இது: “அப்பாவை நினைத்துக்கொண்டிருக்கிற நான், அப்பா பங்கையும் கேட்டால் அது பாவமா?”

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பாவம் இல்லை. உங்கள் கடிதத்திலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. கூடப் பிறந்த தம்பியிடம், அதுவும் பத்தொன்பது வருடம் ஒரே கல்லாவில் உட்கார்ந்த தம்பியிடம், வருடா வருடம் பேரேட்டைக் காட்டிக் கையெழுத்து வாங்கிய மனிதர் உங்கள் அப்பா. தம்பி மேல் நம்பிக்கை இல்லாமலா அப்படிச் செய்தார்? தனக்குப் பின்னால் யார் மனதிலும் ஒரு கேள்வி நிற்கக்கூடாது என்றுதான் செய்திருப்பார். கணக்குப் பார்ப்பது அந்தக் கடையில் சண்டையாக இருந்ததே இல்லை. வருடத்தில் ஒரு நாள் அண்ணனும் தம்பியும் சேர்ந்து செய்கிற வேலையாகத்தான் இருந்திருக்கிறது. இந்த வருடம் அது நடக்கவில்லை. அதைத்தான் நீங்கள் கேட்கப் போகிறீர்கள். அம்மாவிடமும் இதை இப்படியே சொல்லிப் பாருங்கள்.

சித்தப்பாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடிதத்தில் கோபம் இருக்கிறது, எனக்குப் புரிகிறது. ஆனால் அண்ணன் விழுந்த மறுநாளிலிருந்து கடையைப் பூட்டாமல், ஆள் கூலி கொடுத்து, வங்கித் தவணை கட்டி, உங்கள் வீட்டுக்கும் மாதப் பணம் அனுப்பியிருக்கிறார். அவரும் ஓர் அண்ணனைப் பறிகொடுத்தவர்தான். அவர் சொன்னவற்றில் சில சட்டப்படி தவறு. தெரிந்தே தவறாகச் சொன்னார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கடைவீதியில் பாதிப்பேர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் நம்பிக்கொண்டிருப்பதிலும் ஒன்றிரண்டு தவறு உண்டு.

யார் யாருக்குப் பங்கு

கல்யாணமான மகளுக்குப் பாத்தியதை இல்லை என்பது சரியல்ல. 1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஒரு ஆண் இறந்தால் அவருடைய சொந்தச் சொத்து மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சமமாகப் போகும். மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்ற கேள்வியே அதில் இல்லை. இந்தப் பேச்சு எங்கிருந்து வந்ததென்றால், 1989-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த திருத்தம்தான். பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை கொடுத்த அந்தத் திருத்தம், 25-3-1989-க்கு முன்பே திருமணமான பெண்களை விட்டுவிட்டது. அந்த ஒரு விலக்கு ஊர்வாயில் வளர்ந்து, “கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு எதிலும் பங்கில்லை” என்று ஆகிவிட்டது. பூர்வீகச் சொத்திலும் 2005-ம் ஆண்டின் மத்திய அரசுத் திருத்தம் அந்த வித்தியாசத்தை எடுத்துவிட்டது. 2020-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. நீங்கள் பிறந்ததே 1989-க்குப் பிறகு. ஆக, எந்தக் கணக்கில் பார்த்தாலும் உங்களுக்குச் சம பங்கு உண்டு.

இப்போது உங்கள் தவறு. “நாங்கள் மூன்று பேர்” என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றல்ல, நான்கு. அப்பத்தா இருக்கிறார் என்று நீங்களே இன்னொரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். மகனைப் பறிகொடுத்த அந்தத் தாய்க்கும் அம்மாவுக்குச் சமமான பங்கு உண்டு. அப்பாவின் பாதியை நான்காகப் பிரித்தால் ஆளுக்கு மொத்தத்தில் எட்டில் ஒன்று. அப்பத்தா உயில் எழுதாமல் காலமானால், அவர் பங்கு அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். உங்கள் அப்பாவின் இடத்தில் நீங்களும் தம்பியும் வருவீர்கள், அம்மா வரமாட்டார். அப்பத்தாவின் கையெழுத்து இல்லாமல் தயாராகும் எந்தப் பத்திரமும் முழுமையானதல்ல. அவரைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு உள்ளே பேசி முடிக்கக்கூடிய விஷயம் இது இல்லை.

கடை சட்டப்படி இப்போது எந்த நிலையில் இருக்கிறது

கூட்டு ஒப்பந்தத்தில், “ஒரு பங்குதாரர் இறந்தாலும் வியாபாரம் தொடரும்” என்று ஒரு வரி இருப்பதாகச் சித்தப்பா காட்டினார் என்கிறீர்கள். மூன்று பேர், நான்கு பேர் கூட்டாக இருந்தால் அந்த வரி செல்லும். இரண்டே பேர் உள்ள கூட்டில் ஒருவர் போய்விட்டால் மிஞ்சுவது ஒருவர்தான், ஒருவர் தனக்குத்தானே கூட்டாளியாக இருக்க முடியாது. இதை உச்ச நீதிமன்றம் 1960-களிலேயே தெளிவாக்கிவிட்டது. ஆகவே அப்பா இறந்த அன்றே அந்தக் கூட்டு சட்டப்படி கலைந்துவிட்டது. உங்கள் குடும்பத்தைச் சேர்த்துப் புது ஒப்பந்தம் எழுதாதவரை, இப்போது ஓடுவது சித்தப்பாவின் வியாபாரம், உங்கள் அப்பாவின் முதலும் உள்ளே கிடக்க.

இதனால் மூன்று விளைவுகள் உண்டு.

ஒன்று, கலைந்த கூட்டின் கணக்கை முடிக்க வேண்டும். இருப்புச் சரக்கு, வரவேண்டிய பாக்கி, வங்கி இருப்பு, கடையின் பெயருக்குள்ள மதிப்பு எல்லாவற்றையும் எழுதி, அதிலிருந்து வெளிக்கடனைக் கழித்து, பங்குதாரர்கள் கொடுத்த கைமாற்றையும் போட்ட முதலையும் எடுத்துவைத்து, மிச்சத்தைப் பாதி பாதியாகப் பிரிப்பதுதான் 1932-ம் ஆண்டுக் கூட்டு வணிகச் சட்டம் சொல்லும் முறை. முப்பது லட்சம் அதிகமா குறைவா என்று என்னாலும் சொல்ல முடியாது, உங்களாலும் முடியாது, இந்தக் கணக்கு இல்லாமல் சித்தப்பாவாலும் சொல்ல முடியாது. கடன் போக ஒன்றுமே மிஞ்சாமல் இருக்கலாம், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

இரண்டு, கணக்கு முடியாமல் அப்பாவின் முதலை வைத்து வியாபாரம் ஓடிய இந்தப் பதினொரு மாதத்துக்கு, அந்த முதலால் வந்த லாபம் அல்லது வருடம் 6 சதவீத வட்டி, இரண்டில் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுத்துக் கேட்கலாம். சித்தப்பாவின் உழைப்பால் வந்த லாபம் அவருடையது. அதைத் தனியாகப் பார்ப்பதுதான் நியாயம், நீதிமன்றமும் அப்படித்தான் பார்க்கும். மாதா மாதம் அவர் கொடுத்த பணத்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அதுவும் கணக்கில் கழியும்.

மூன்றாவதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. கலைந்த கூட்டின் கணக்கைக் கேட்டு வழக்குப் போட, கலைந்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் கெடு. அதில் பதினொரு மாதம் போய்விட்டது. “தலைத் திவசம் முடியட்டும், தம்பி படிப்பு முடியட்டும், அப்பத்தா மனசு ஆறட்டும்” என்று மரியாதைக்காகக் காத்திருந்து, நாலாவது வருடம் என் எதிரே வந்து உட்கார்ந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். எதிர்த்தரப்பு சம்மதித்தாலொழிய அப்போது என்னால் பெரிதாக எதுவும் செய்ய முடிந்ததில்லை. வழக்குப் போடச் சொல்லவில்லை. நாள்காட்டியில் அந்தத் தேதியைக் குறித்து வைக்கச் சொல்கிறேன்.

அந்த விடுதலைப் பத்திரம்

திவசத்தன்று கையெழுத்துப் போடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. பிண்டம் வைத்த கையோடு, அழுது வீங்கிய கண்ணோடு, சொந்தக்காரர்கள் சுற்றி நிற்க, உங்கள் அம்மா எதையும் படிக்க மாட்டார். “படிச்சுட்டுப் போடு” என்று சொன்னவரின் திவசத்தில் அது நடக்கக்கூடாது. பதிவான விடுதலைப் பத்திரத்தைப் பிறகு ரத்து செய்யப் போராடுவது எவ்வளவு கஷ்டம் என்பதை நீதிமன்ற வராந்தாவில் தினமும் பார்க்கிறேன்.

தம்பிக்குப் பதினாறு வயது. அவனால் சட்டப்படி கையெழுத்துப் போட முடியாது. அவனுக்காக அம்மா கார்டியனாகப் போட்டாலும், குடோன் மாதிரி அசையாச் சொத்தில் மைனரின் பங்கை விட்டுக்கொடுக்க முன்கூட்டியே நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் செய்தால், அவன் 18 வயதைத் தாண்டிய மூன்று வருடத்துக்குள் அதை ரத்து செய்யக் கேட்கலாம். அப்படி ஒரு பத்திரம் சித்தப்பாவுக்கே ஆபத்து. இதை அவருக்கு எடுத்துச் சொன்னால் அவரும் நின்று யோசிப்பார்.

குடோன் விஷயத்தில் நீங்கள் முழு உரிமை உங்களுக்கே என்று எண்ணியிருக்கிறீர்கள். பத்திரம் அப்பா பெயரில் இருப்பது பலம்தான், ஆனால் அதோடு முடிந்துவிடாது. கூட்டுப் பணத்தில் வாங்கியதாக இருந்தால், வேறு எண்ணம் இருந்ததாகத் தெரியாதவரை, அது கூட்டுச் சொத்தாகவே கருதப்படும். அப்படியானால் பாதி சித்தப்பாவுடையது. வாங்கிய வருடத்துப் பேரேட்டைப் பாருங்கள். பணம் அப்பாவின் சொந்தப் பற்றில் எழுதப்பட்டிருந்தால் குடோன் உங்கள் நால்வருக்கு. கடைச் சொத்தாக வரவு வைக்கப்பட்டிருந்தால் கூட்டுக்கு. அந்தப் பக்கத்தின் கீழ் அண்ணன் தம்பி இருவர் கையெழுத்தும் இருக்குமே, அதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்?

கடனும் காசோலையும்

காசோலை கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தக் குற்ற வழக்கு மனைவி மேலோ பிள்ளைகள் மேலோ பாயாது. போனில் மிரட்டுகிறவருக்கு அம்மா பயப்படத் தேவையில்லை. ஆனால் கடன் உண்மையாக இருந்தால் அது அப்பா விட்டுச்சென்ற சொத்திலிருந்து கொடுபட வேண்டிய கடன்தான். அந்தச் சொத்தின் அளவுக்கு மேல் உங்கள் சொந்தக் காசிலிருந்தோ நகையிலிருந்தோ கொடுக்கச் சட்டம் கட்டாயப்படுத்தாது. அந்த வியாபாரியிடம், “சிட்டையையும் பாக்கி விவரத்தையும் எழுத்தில் அனுப்புங்கள், கணக்கில் சேர்க்கிறோம்” என்று மட்டும் சொல்லுங்கள். போனில் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள், திட்டவும் செய்யாதீர்கள். நாளைக்கு நீங்கள் கடையில் உட்கார்ந்தால் அவரிடம்தான் சரக்கு வாங்க வேண்டியிருக்கும்.

இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. வங்கிக் கடனுக்கு அம்மாவும் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பதாக ஒரு வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். ஜாமீன் போட்டவர் தன் சொந்தப் பொறுப்பில் நிற்கிறார். எவ்வளவு பாக்கி என்று வங்கியில் எழுதிக் கேட்டு வாங்குங்கள். பங்கை விட்டுக்கொடுத்துவிட்டு ஜாமீனில் மட்டும் அம்மா மாட்டிக்கொண்டு நிற்பதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு. எந்த உடன்பாடானாலும், அம்மாவை ஜாமீனிலிருந்து விடுவித்ததாக வங்கி எழுதிக்கொடுத்த பிறகே கையெழுத்து.

வங்கி வைப்புத்தொகைக்குச் சித்தப்பா நாமினியாக இருப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நாமினி பணத்தை வாங்கலாம், ஆனால் வாரிசுகளுக்காகத்தான் வாங்குகிறார். ஆயுள் காப்பீட்டில் மட்டும், பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் 2015-க்குப் பிறகு நிலை வேறு. உங்கள் வீட்டில் காப்பீட்டுக்கு அம்மாவே நாமினி என்பதால் அதில் சிக்கல் இல்லை.

கடையில் நீங்கள் சேரலாமா

மனதின் அடியில் கிடக்கும் கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். பி.காம் படித்து, கல்யாணத்துக்கு முன் நாலு வருடம் கடையில் பில் போட்டிருக்கிறீர்கள். “அப்பா உட்கார்ந்த இடத்தில் உட்கார வேண்டும் போல இருக்கிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆசை நியாயமானது. ஆனால் கூட்டு வியாபாரத்தில் பங்குதாரரின் பொறுப்புக்கு எல்லை கிடையாது. கடை நொடித்தால் உங்கள் சொந்தச் சேமிப்பு வரை வரும். அதனால் முதலில் பழைய கணக்கு முடியட்டும். அது முடியாமல் புதுக் கூட்டில் நுழைந்தால் பழைய கடன் எது, புதுக் கடன் எது என்று பிரிக்கவே முடியாமல் போகும். அம்மாவைப் பங்குதாரராக்க வேண்டாம், ஜாமீன் பாரமே அவருக்குப் போதும். நீங்களும் சித்தப்பாவும் பங்குதாரர்களாக இருந்து, தம்பியை லாபத்தின் பயனுக்கு மட்டும் சேர்க்கச் சட்டத்தில் வழி உண்டு. 18 வயது ஆனபின் ஆறு மாதத்துக்குள் சேர்வதா விலகுவதா என்று அவன் அறிவிக்க வேண்டும். சும்மா இருந்துவிட்டால் சேர்ந்ததாகிவிடும். பொறுப்புக்கு வரம்புள்ள எல்எல்பி முறையில் நடத்தலாமா, பழைய பான், ஜிஎஸ்டி எண்களை என்ன செய்வது என்பதையெல்லாம் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

இல்லை, பணத்தை வாங்கிக்கொண்டு விலகுவதே நல்லது என்று தோன்றினாலும் அதில் தாழ்வில்லை. தம்பி படிக்க வேண்டும், அம்மாவுக்கு வயது 44தான், முன்னால் நிறைய வருடம் கிடக்கிறது. கணக்குப் பார்த்து வாங்கிய தொகை எவ்வளவாக இருந்தாலும் மனதில் முள்ளாகத் தைக்காது.

கடைக்கு அப்பா பெயர் வைப்பதாகச் சொல்வதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் அதைப் பங்குக்குப் பதிலாக ஏற்றுக்கொள்ளாதீர்கள். அழகர் மூன்றுமாவடிக்கு வரும் எதிர்சேவையன்று தல்லாகுளத்தில் அப்பா வருடா வருடம் நீர்மோர்ப் பந்தல் போடுவார் என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் செலவைக் கடையின் செலவாகவே, வருடம் இவ்வளவு என்று, புது ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள். பெயர்ப்பலகையைவிட அவருக்கு அது பிடிக்கும் என்று அவரைப் பார்த்திராத எனக்கே தோன்றுகிறது.

சரி, இப்போது என்ன செய்வது? திவசத்துக்கு முன்பே ஒரு நாள், கடை சாத்தும் நேரத்தில், கணவரோடு இல்லாமல் அம்மாவோடு போங்கள். மருமகன் கூட வந்தால் பேச்சின் நிறமே மாறிவிடும். “சித்தப்பா, கையெழுத்து வேண்டாம்னு சொல்ல வரலை. அப்பா மாதிரி பேரேட்டைப் பக்கத்துல வச்சுப் பார்த்துட்டுப் போடுறோம். ஆடிட்டரை நீங்களே சொல்லுங்க, நாங்களும் ஒருத்தரைக் கூட்டிட்டு வர்றோம்” என்று சொல்லுங்கள். நான் பார்த்தவரை, மூன்றில் இரண்டு வீடுகளில் விஷயம் இதிலேயே வழிக்கு வந்துவிடுகிறது.

வராவிட்டால், மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. வழக்குக்கு முன்பே இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசுவார்கள். போகும்போது இறப்புச் சான்று, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று (அதில் அப்பத்தா பெயரும் இருக்கிறதா பாருங்கள்), கூட்டு ஒப்பந்த நகல், குடோன் பத்திரம், வங்கி கொடுத்த பாக்கி விவரம் எல்லாம் கையில் இருக்கட்டும். ஒப்பந்த நகலைத் தர மறுத்தால், கூட்டு பதிவு செய்யப்பட்டிருக்கும் பட்சத்தில் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு விவரத்துக்கு நகல் வாங்கலாம். பேரேடுகள் கடையில் இருந்தால், அடுத்த முறை போகும்போது அந்தக் கையெழுத்துப் பக்கங்களை மட்டுமாவது சித்தப்பா எதிரிலேயே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்: அதில் அப்பாவின் கையெழுத்து இருக்கிறது.